மின்சாரம் சீராக உள்ளது எனக் கொள்க

ஒரு கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழுந்தால் நான் முதலில் மேலே பார்ப்பேன். கூரையில் எரியும் விளக்கைப் பார்ப்பேன். நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்து மேசை ஹெங்க் இதைச் சில தடவை கவனித்துவிட்டு ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "வேலையைத் தொடங்கும் முன் கடவுளைக் கும்பிடுவீர்களா?" இல்லை, கரண்ட் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறேன் என்றேன். "கரண்ட் எப்படி இருக்கும்? இருக்கும், அவ்வளவுதான்" என்றான். நான் சொன்னதை அவன் நம்பவில்லை. அடுத்த வாரம் ஒரு சர்வர் படுத்துக்கொண்டபோது, "நீ வந்து கொஞ்சம் மேலே பார்த்துவிட்டுப் போ" என்று மரியாதையாகவே கூப்பிட்டான். அவனைக் கோபித்துப் பயனில்லை. விளக்கு மங்குவதை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை. இங்கே வந்தபிறகு நானும் பார்க்கவில்லை. ஆனாலும் என் கழுத்து கேட்கமாட்டேன் என்கிறது.

இந்தக் கழுத்துப் பழக்கம் விருத்தாசலத்தில் வந்தது. நானும் என் பெரியம்மா மகள் வசந்தியக்காவும் ஜங்ஷன் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தோம். மீதி நேரத்தில் செராமிக் கம்பெனிகளுக்குப் போய் அவர்களின் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்த்தோம். அங்கே ஃப்யூஸ் கட்டையும் பொம்மையும் ஜாடியும் செய்வார்கள். மண்ணை அரைக்க பால்மில் என்ற பெரிய உருளை ஓடும். அதன் மோட்டாரைப் போட்டால் கம்பெனி முழுக்க விளக்கு ஒரு தடவை மங்கி எழும். அந்த நொடியில் ஆபீஸ் கம்ப்யூட்டர் அணைந்து திரும்ப ஓடும். எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் பார்க்கிற எல்லோரும் பெட்டியைத் தொடுவதற்கு முன் பல்பைப் பார்ப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பார்க்காதவன் நல்ல மெமரியைக் கழற்றி எறிந்துவிட்டுத் திரும்பத் திரும்ப அதே கம்பெனிக்கு அலைவான்.

மங்கலம்பேட்டைக்காரர் ஒருவரின் கம்பெனியில் ஒருமுறை அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி பாய் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாம்மா, பொட்டியத் தொறக்காம பல்லி எண்ணிகினு இருக்க?"

"பாய், கொஞ்சம் சும்மா இருங்க. பால்மில்லு போடப் போறாங்க."

போட்டார்கள். விளக்கு மங்கியது. கம்ப்யூட்டர் அணைந்தது.

"பல்லி சொல்லிடுச்சு பாய்" என்றாள். பாய் சிரித்துவிட்டு டீ வரவழைத்தார். அக்காவுக்கு வாய் கொஞ்சம் அதிகம். வேலையில் எனக்குச் சமம், கோபத்தில் எனக்கு மேலே.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள் அவை. சென்னையில் ஒரு கம்பெனி எங்கள் இருவரையும் இன்டர்வியூவில் தேர்ந்தெடுத்தது. ஒரு நிபந்தனை: வெளிநாட்டு நிறுவனம் ஒன்று நடத்தும் சர்டிபிகேட் பரீட்சையில் தேறிக் காட்ட வேண்டும். அந்தக் காலத்தில் இந்தப் பரீட்சைக்கு யாரும் புத்தகம் படிக்கவில்லை. எழுதிவிட்டு வந்தவர்கள் நினைவில் வைத்துச் சொன்ன கேள்விகளும் பதில்களும் டம்ப் என்ற பெயரில் ஜெராக்ஸ் கடைகளில் கிடைத்தன. ஊரே அதைத்தான் மனப்பாடம் செய்தது, நானும் செய்தேன். அக்காவும் படித்தாள், ஆனால் பேனாவை வைத்துக்கொண்டு சண்டை போட்டுப் படித்தாள். அதில் ஒரு கேள்வி எங்கள் வீட்டுச் சண்டையாகவே ஆனது. பரீட்சை நடத்துபவர்களிடம் பிற்பாடு ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதனால் வாசகத்தை எழுதவில்லை; சாரம் இதுதான். ஒரு அலுவலகக் கம்ப்யூட்டர் தினமும் சில தடவை தானாக அணைந்து எழுகிறது. முதலில் எதைப் பார்ப்பாய்? உள்ளே இருக்கும் ஃபேனையா, மெமரியையா, வைரஸையா, சுவரிலிருந்து வரும் மின்சாரத்தையா? டம்பில் இருந்த பதில் ஃபேன். அக்கா அதை அடித்துவிட்டு மின்சாரம் என்று எழுதிவைத்தாள்.

பரீட்சை சென்னையில். முடிந்த உடனே திரையில் மார்க் வந்தது. நான் தேறினேன். அக்கா தேர்ச்சிக் கோட்டுக்கு மயிரிழை கீழே நின்றாள். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் விழுப்புரம் வரை அவள் மார்க் தாளையே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம் கேட்டாள்.

"பல்பு கேள்வி வந்துச்சா ஒனக்கு?"

"வந்துச்சுக்கா."

"இன்னா போட்ட?"

"ஃபேன்."

"நெசமாவே ஃபேனத்தான் மொதல்ல பாப்பியா நீ?"

"பாக்கமாட்டேன். ஆனா பதிலு அதுதானேக்கா."

"எவன் வூட்டு பதிலு?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த ஒரு கேள்வியில்தான் அவள் தோற்றாளா? எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. எனக்கு ஆத்திரமே அங்கேதான். அவள் கையில் கொடுத்த தாளில் மொத்த மார்க் இருந்தது, தேர்ச்சி மார்க் இருந்தது. எந்தக் கேள்வி தப்பு, ஏன் தப்பு என்று எதுவும் இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில்கூட விடைத்தாளைக் கையில் கொடுத்துத்தான் திட்டுவார்கள். அக்கா பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்த நிறுவனத்துக்கு மெயில் எழுதினாள். பால்மில், பல்பு எல்லாவற்றையும் விளக்கினாள். கேள்விகள் ரகசியமானவை, முடிவு இறுதியானது என்று பதில் வந்தது. சென்னைக் கம்பெனி காத்திருக்கவில்லை. நான் போனேன். அங்கிருந்து இங்கே வந்தேன். அவள் ஊரிலேயே பாலக்கரையில் சொந்தமாக சர்வீஸ் கடை போட்டாள். கடை நன்றாகவே ஓடுகிறது. அவளுக்காக யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம், அவளுக்கே பிடிக்காது. அவள் போக நினைத்த இடத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான். போக நினைக்காத நான் போனேன்.

இங்கே வந்து சில வருஷம் கழித்து அதே பரீட்சை நிறுவனம் என்னைக் கூப்பிட்டது. புதிய பதிப்புக்குக் கேள்விகளைச் சரிபார்க்கவும் தேர்ச்சி மார்க்கை முடிவு செய்யவும் அனுபவசாலிகள் வேண்டுமாம். ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஹோட்டலில் கூடினோம். தலைமை ஏற்றவள் மார்லீஸ் என்ற பெண்; நேர்மையானவள், அதைச் சொல்லிவிட வேண்டும். வேலை முறையை விளக்கினாள். தேர்ச்சிக் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் ஆட்களை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் அவர்களில் எத்தனை பேர் சரியாக எழுதுவார்கள் என்று சொல்லுங்கள். எல்லோருடைய மதிப்பீட்டையும் சேர்த்துத்தான் தேர்ச்சி மார்க் வைக்கிறோம். கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் ஆள். எனக்கு ஒரே ஒரு முகம்தான் வந்தது. அந்த முகத்தை வைத்துக்கொண்டே காலை முழுக்கச் சொன்னேன். மதியத்துக்கு முன்னால் அந்தக் கேள்வி திரையில் வந்தது. இத்தனை வருஷம் கழித்தும், சொல்கூட மாறாமல்.

சாப்பாட்டு நேரத்தில் வெளியே போய் அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, ஒரு பழைய ஆளப் பாத்தேன்."

"யாருடா?"

"சொல்லக்கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"பல்பா?" என்றாள். சாப்பிட்டாயா அக்கா என்று பேச்சை மாற்றினேன். "பல்புதான். அது இன்னும் சாவலையா? டேய், இங்க கரண்டே இல்ல இப்ப. பல்பப் பாக்கறதுக்கும் வழியில்ல. நீ போயி சண்ட போடு, போ."

போட்டேன். இந்தக் கேள்வியில் அறிவைச் சோதிக்கவில்லை, முகவரியைச் சோதிக்கிறீர்கள் என்றேன். மார்லீஸ் ஒரு கணக்கைக் காட்டினாள். மொத்தத்தில் அதிக மார்க் வாங்கியவர்கள் இந்தக் கேள்வியையும் சரியாக எழுதியிருக்கிறார்கள், குறைவாக வாங்கியவர்கள் தப்பாக எழுதியிருக்கிறார்கள். எனவே கேள்வி நன்றாக வேலை செய்கிறது என்றாள். அதிக மார்க் வாங்கியவர்களில் நானும் ஒருவன், எப்படி வாங்கினேன் தெரியுமா, உங்கள் பதிலைக் கடையில் வாங்கிப் படித்தேன் என்றேன். பிறகு பால்மில்லைச் சொன்னேன். விளக்கு மங்குவதைக் கையால் காட்டினேன். மூலையில் இருந்தவர், "அப்படிப்பட்ட இடத்தில் ஏன் கம்ப்யூட்டர் வைக்கிறார்கள்?" என்று கேட்டார். கேலியில்லை, உண்மையான சந்தேகம். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது, தமிழில் சொன்னேன்.

மார்லீஸ் சமாதானமாக ஒரு வழி கேட்டாள். கேள்வியை எடுக்க மற்றவர்கள் சம்மதிக்கவில்லை. அப்படியானால் நிலைமையைத் தெளிவாக எழுதுங்கள் என்றேன். நீயே எழுது என்றாள். எழுதினேன். 'அலுவலகத்தின் மின்சாரம் சீராக உள்ளது எனக் கொள்க.' எல்லோரும் கை தூக்கினார்கள். இதுவரை எழுதியவர்களின் மார்க்கைத் திருத்துவீர்களா என்று கேட்டேன். பழைய முடிவுகள் இறுதியானவை என்றாள். அக்காவுக்கு வந்த மெயிலில் இருந்த அதே வார்த்தை.

ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ரயிலேறும் முன் மறுபடி போன் போட்டேன். கையெழுத்தாவது மண்ணாவது என்று அந்த வரியைத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"நல்ல வரிதான்" என்றாள். "இனிமே எவனும் கொழம்பமாட்டான். ஃபேன்தான் சரி." பிறகு சொன்னாள்: "தம்பி, அப்ப நம்ம ஊரு அந்தப் பரீச்சையிலயே இல்லன்னு ஒன் கையால எழுதிட்டு வந்திருக்க."

"இல்லக்கா, நியாயமா இருக்கணும்னு..."

"நியாயந்தான்டா. நான் இல்லன்னா சொன்னேன்? சாப்ட்டியா? சரி வை, கரண்டு வந்துருச்சு."

அந்த வரி இன்றும் அந்தக் கேள்வியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எங்கெங்கோ யார் யாரோ அதைப் படித்துவிட்டுக் குழப்பமில்லாமல் ஃபேனைக் குறிக்கிறார்கள். போன வாரம் எங்கள் அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழுந்தது. ஸ்க்ரூடிரைவரோடு போய் உட்கார்ந்தேன். கை பெட்டியின் மூடியைக் கழற்றி ஃபேனைத் தேடியது. கண் மேலே போயிருந்தது. விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. நான் கும்பிட்டு முடிக்கட்டும் என்று ஹெங்க் கொஞ்சம் தள்ளி, சத்தம் போடாமல் நின்றான்.