மூவாரில் நடந்துபோன சோபா

அக்டோபர் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, காலை ஏழரை மணிக்கு, மலேசியாவின் மூவாரில் ஒரு சோபா தானாக நடந்து போனதாகச் சொன்னார்கள்.

இந்த ஊரில் சோபாவுக்குப் பஞ்சமில்லை. லாரியில் போகும், கப்பலேறி வெளிநாடு போகும். மூவார்க்காரர்களைக் கேட்டால், உலகத்தில் பாதிப் பேர் எங்கள் தயவில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பார்கள். ஆனால் எந்தச் சோபாவும் இதுவரை தன் காலிலேயே கிளம்பிப் போனதாகத் தகவல் இல்லை. அதனால் செய்தி மதியத்துக்குள் ஊரைச் சுற்றிவிட்டது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது சோபாவின் நிறம் சிவப்பாகியிருந்தது. பேருந்து நிலையத்துக்கு வந்தபோது மூன்று பேர் உட்காரும் அளவுக்கு வளர்ந்திருந்தது. மாலையில் ஒருவர், அதன் மேல் ஒரு கிழவர் சாய்ந்து பத்திரிகை படித்துக்கொண்டே போனார் என்றார்.

இப்படிப்பட்ட விஷயங்களை விசாரிக்காமல் விடுவதுதான் மரியாதை. விசாரித்தால் பெரும்பாலும் சுருங்கிப் போய்விடும். இது சுருங்கத்தான் செய்தது, ஆனால் வேறு மாதிரி.

கண்ணால் பார்த்த சாட்சி என்று தேறியது ஒருவர்தான். சாலையோரம் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் விற்கும் வெள்ளையம்மா.

"சாமி சத்தியமா பார்த்தேங்க. தூறல் போட்டுக்கிட்டு இருந்துச்சு. ஆத்துப் பக்கமிருந்து பனி வேற வந்து கெடக்கு. எதிர்த்தாப்ல ரோட்டோரமா நிக்குது. கத்திரிக்காய் கலரு. ஓரமெல்லாம் தங்கக் கலர்ல பட்டி. இந்தப் பக்கம் காடி வருதான்னு பார்த்துச்சு, அந்தப் பக்கம் பார்த்துச்சு, அப்புறம் தாண்டுச்சு."

"சோபா எப்படிம்மா பார்க்கும்?"

"நம்ம மோட்டார்காரனுங்க யாரும் பார்க்கிறதில்ல. அது பார்த்துச்சு. நான் என்ன செய்ய?"

"பயமா இல்லையா?"

"எதுக்குப் பயம்? என்னைப் பார்த்து செலாமாட் பாகி சொல்லிட்டுப் போச்சு. வாயில்லாதது வணக்கம் சொல்லுது. வாய் இருக்கிறவன் வாங்கித் தின்னுட்டுப் பேசாம போறான்."

"கூட யாராவது வந்தாங்களா?"

"ஒரு ஆளு குடை பிடிச்சுக்கிட்டு வந்தான். அவன் மூஞ்சியை நான் பார்க்கல லா. சோபா நடந்து போகுது, அதை விட்டுட்டு ஆளைப் பார்ப்பேனா?"

கத்திரிக்காய் நிறத் துணியும் தங்கப் பட்டியும் துப்புக் கொடுத்தன. இரண்டு கடைகளில் கேட்டதில், அப்படி ஒரு துணியை நம்பி வாங்கியது ஊரோரத்தில் இருக்கும் ஒரு சோபாத் தொழிற்சாலை மட்டும்தான் என்று தெரிந்தது. அங்கே மேற்பார்வையாளர் சபாபதி. சோபா நடந்த செய்தி கேட்டதும் அவர் செய்த முதல் காரியம் நாலு நம்பர் லாட்டரிச் சீட்டு எடுத்ததுதான். கனவுகளுக்கு எண் சொல்லும் புத்தகத்தில் சோபா இல்லையாம். நாற்காலிக்கு உள்ளதில் பாதியையும் வழிப்போக்கனுக்கு உள்ளதில் பாதியையும் ஒட்டிச் சமாளித்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் இதைக் கிண்டாதீங்களேன்," என்றார். "விஷயம் வெளுத்துட்டா நம்பருக்குச் சக்தி போயிரும்."

துணியின் நிறத்தைச் சொன்னதும் அவர் முகமும் கொஞ்சம் அந்த நிறமாயிற்று.

"அதுவா? ஒரே ஒரு ரோல்தான் வந்துச்சு. ஆர்டர் குடுத்தவரு வேணாம்னுட்டாரு. கடைசித் துண்டை நம்ம தோமஸ்தான் கேட்டு வாங்கிட்டுப் போனான். மகளுக்கு ஏதோ..."

நிறுத்திவிட்டு, கையிலிருந்த நம்பர் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எதுக்கும் இருக்கட்டும்."

தோமஸுக்கு முப்பத்தெட்டு வயது. சாஆ என்ற ஊர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். பதினொரு வருடமாக இந்தத் தொழிற்சாலையில் சோபாவுக்குத் துணி போர்த்துகிறார். வாரம் முழுக்க மூவாரில் தங்கி, சனிக்கிழமை சாஆவுக்குப் போய் மனைவி கிளாரிசாவையும் மகள் அபிகெயிலையும் பார்த்துவிட்டு வருவது வழக்கமாக இருந்தது. எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று இந்த ஜூலையில் வீடு பார்த்து இருவரையும் மூவாருக்கு அழைத்து வந்தார். ஆகஸ்டில் கிளாரிசாவுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. இப்போது சனிக்கிழமைதோறும் வந்து போவது கிளாரிசா. ஜொகூரில் குடும்பங்கள் ஒன்று சேர்வதில் இப்படியும் ஒரு முறை இருக்கிறது.

அவர் வேலை செய்யும் இடத்தில் காலை வெயில் சாய்வாக விழும்போது, வெட்டிய ஸ்பாஞ்சின் தூள் காற்றில் எழுந்து, இறங்க மனமில்லாமல் மிதந்துகொண்டே இருக்கும். அதற்குள் நின்று துணியை இழுப்பார், ஆணி அடிப்பார், மறுபடி இழுப்பார். ஒரு மடிப்பு இருக்கக் கூடாது. தோமஸோடு பேசிக்கொண்டிருந்தால், எதிரே இருப்பவரின் கசங்கிய சட்டையை இழுத்துவிட அவர் விரல்கள் தவிப்பது தெரியும். அவர் வீட்டில் உட்கார மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள்.

"சோபா போட்டா வீட்டுக்கு வந்தும் வேலையில இருக்கிற மாதிரி இருக்குங்க," என்றார்.

அபிகெயிலுக்கு ஐந்து வயது. ஆகஸ்டில், வருடத்தின் பாதி போனபிறகு, பாலர் பள்ளியில் சேர்ந்தாள். அங்கே மேசைக்கு இரண்டு நாற்காலி. மற்றப் பிள்ளைகள் எல்லோரும் ஏற்கெனவே ஜோடி சேர்ந்திருந்தார்கள். அபிகெயிலின் மேசையில் இன்னொரு நாற்காலி காலியாகவே இருந்தது. அவள் தன் தண்ணீர்ப் புட்டியை அதில் உட்கார வைத்தாள். அக்டோபர் வரைக்கும் புட்டிதான் தோழி.

பள்ளியிலிருந்து அறிவிப்பு வந்தது. ஹாலோவீன் கொண்டாட்டம், பிள்ளைகள் விரும்பிய வேடத்தில் வரலாம். கிளாரிசா அன்று மாலையே கைப்பேசித் திரையில் தோன்றினார்.

"அபி, இங்க இளவரசி டிரெஸ் இருக்கு, சூனியக்காரித் தொப்பி இருக்கு. எது வேணும் சொல்லு, அம்மா வாங்கியாரேன்."

"எனக்கு சோபா."

"சோபாவா? அலமாக்! சோபாவைப் பார்த்து யாருடி பயப்படுவா?"

"யாரும் பயப்பட மாட்டாங்க. வந்து உட்காருவாங்க."

சரியாக அந்த நேரத்தில் லைன் போய்விட்டது என்று கணவனும் மனைவியும் தனித்தனியாகச் சொன்னார்கள்.

ஐந்து மாலைகள் வேலை நடந்தது. குளிர்பதனப் பெட்டி வந்த அட்டை, அரை அங்குல ஸ்பாஞ்சு, கத்திரிக்காய்த் துணி. மகளைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி தோமஸ் அளவெடுத்தார். முதுகுக்குப் பின்னால் சாய்மானம், இடுப்புக்கு முன்னால் இருக்கை, இரண்டு கையும் கைப்பிடிகளுக்குள். ஸ்பாஞ்சுத் தூள் அவள் தலைமுடியில் படிந்தது. வெளியே மழை பெய்வதும் விடுவதுமாக இருந்தது. அவள் அசையாமல் நின்றபடி கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சோபா தூங்குமாப்பா?"

"யாரும் உட்காராதப்பத் தூங்கும்."

"நம்ம நாற்காலி?"

"அதுக்குத் தூக்கமே வராது. பிளாஸ்டிக்கு."

"யாராச்சும் உட்கார்ந்தா நான் உடைஞ்சிருவேனா?"

வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்துவிட்டு தோமஸ் யோசித்தார். "பக்கத்துல உட்காரச் சொல்லு."

"சோபா எப்படிப்பா சொல்லும்?"

வியாழக்கிழமை மாலை வேலை முடிந்தது. ஒட்டுப்பட்டியில் எடுத்து எடுத்து ஒட்டும்படி இரண்டு குட்டிக் குஷன்கள். அடியில் நான்கு குட்டி மரக்கால்கள், உண்மையான வார்னிஷோடு. தூக்கி மகளுக்கு மாட்டப் போனார். மாட்ட முடியவில்லை. பதினொரு வருடப் பழக்கத்தில், பின்புறத்தை மூடிய கை நிற்காமல் அடிப்பக்கத்தையும் கறுப்புத் துணியால் மூடி, சுற்றிவர ஆணி அடித்து, சாக்கட்டியால் சரி என்று குறியும் போட்டிருந்தது. சோபாவுக்கு நாலு கால் வைத்தவர் பிள்ளையின் இரண்டு காலுக்கு இடம் விடவில்லை.

"அப்பா, நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டாள் அபிகெயில்.

அதைச் சொல்லும்போது தோமஸ் சிரித்தார். அன்றைக்குச் சிரிக்கவில்லையாம். கத்தியை எடுத்து, முதல்முறையாக, தான் அடித்து முடித்ததைக் கிழித்தார்.

வெள்ளிக்கிழமை காலை அடுத்த சிக்கல். சோபா கார்க் கதவில் நுழையவில்லை. நேராக, பக்கவாட்டில், தலைகீழாக என்று எல்லா வகையிலும் முயன்றார்கள். வாசலை அளக்காமல் சோபா வாங்கிவிட்டு வீதியில் நிற்கும் வாடிக்கையாளர்களைப் பற்றித் தொழிற்சாலையில் பதினொரு வருடமாகக் கேலி பேசியவர் அவர். வேறு வழியில்லை. குடையை விரித்தார். பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர். பனி முழங்கால் உயரத்துக்குத் தரையில் படுத்திருந்ததால் அபிகெயிலின் கால்கள் தெரியவில்லை. விளக்கு அணைக்காத கடைகளுக்கு முன்னால், ஈரச் சாலையில், ஒரு சோபா மெல்ல மிதந்து போயிற்று. எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் காலை வணக்கம் சொல்லச் சொல்லி வளர்க்கப்பட்ட சோபா. வதந்தி இவ்வளவுதான்.

பள்ளிக்குள் நடந்ததை ஆசிரியை ஷர்மினி சொன்னார். ஆறு பேய், நாலு சூனியக்காரி, இரண்டு பூசணிக்காய், எல்லாம் கத்திக்கொண்டு ஓடின. சோபா சுவரோரமாகப் போய் நின்றுகொண்டது.

"போய் விளையாடு அபி."

"சோபா போகாது டீச்சர். அவங்கதான் வரணும்."

அப்போதுதான் ஷர்மினி கவனித்தார், இந்த உடையில் அவளால் உட்காரவே முடியாது. அறையிலேயே உட்கார வழியில்லாத ஒரே ஆள் சோபாதான். நாற்பது நிமிடம் நின்றாள். ஒரு சூனியக்காரி வந்து துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடிப்போனாள். வெளியே கேட்டுக்குப் பின்னால், எட்டு மணிக்கு வேலையில் இருக்க வேண்டிய தோமஸ், சன்னல் வழியே உள்ளே பார்த்தபடி, தூறல் நின்றதுகூடத் தெரியாமல் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார்.

பேய்களில் ஒன்று ஹுய் மின். தலையோடு வெள்ளைப் படுக்கை விரிப்பு. கண்ணுக்கு வெட்டிய ஓட்டைகள் காதுப் பக்கம் நகர்ந்துவிட்டன. ஓடிவந்த பேய் சோபாவில் மோதியது. கையால் தடவிப் பார்த்தது. கைப்பிடி, குஷன், சாய்மானம். "சோபா," என்றது. பிறகு, களைத்து வீட்டுக்கு வந்தவர்கள் செய்வதைப்போல, திரும்பிப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்தது.

அட்டை மடங்கியது. சோபாவும் பேயும் சேர்ந்து தரைக்கு இறங்கின. தோமஸ் கேட்டைப் பிடித்துக்கொண்டார். அழுகைச் சத்தம் வரவில்லை. சாய்மானம் அபிகெயிலின் காதுக்கு மேலே ஏறியிருக்க, ஆமைபோல முகம் மட்டும் தெரிந்தது. அவள்மேல் சாய்ந்த பேய் ஒரு குஷனைப் பிய்த்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தூங்கியே விட்டது. ஓர் ஈ வந்து அபிகெயிலின் மூக்கில் உட்கார்ந்தது. அவள் கையை எடுக்கவில்லை. சோபா அசையக் கூடாது அல்லவா.

மதியம் ஹுய் மினின் அப்பா வந்து தூங்கும் பேயைத் தோளில் தூக்கிப் போனார். குஷனும் கூடவே போயிற்று.

திங்கட்கிழமை அபிகெயில் பள்ளிக்குப் போனபோது, அவளுடைய தண்ணீர்ப் புட்டி மேசைமேல் நகர்த்தி வைக்கப்பட்டிருந்தது. நாற்காலியில் ஹுய் மின் இருந்தாள்.

சபாபதியின் நம்பர் விழவில்லை. மடங்கிய சோபாவை தோமஸ் நிமிர்த்தி, பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவில் வைத்திருக்கிறார். விற்கச் செய்தது இல்லை என்பதால் அதைப் பார்த்தால் வேலை நினைவு வருவதில்லையாம். ஒரு குறைதான்.

"ஒத்தைக் குஷனோட ஒரு சோபா என் கையைத் தாண்டிப் போனதில்லைங்க. கண்ணுல உறுத்திக்கிட்டே இருக்கு."

இன்னொன்று தைக்கத் துணியும் இருக்கிறது. அபிகெயில் விடவில்லை. தினமும் காலையில் ஹுய் மின் நெற்றியில் அடித்துக்கொண்டு "லூப்பா!" என்கிறாள், மறந்துவிட்டாளாம். நாளைக்குக் கட்டாயம் கொண்டுவருவாளாம். அபிகெயில் "ஓக்கே" என்று நகர்ந்து இடம் விடுகிறாள்.

போன வாரம் கேட்டருகே ஹுய் மினின் அப்பாவைப் பார்த்ததும், நேராகக் கேட்டுவிடலாம் என்று தோமஸ் ஓரடி வைத்தார். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தது ஒரு கை.

"கேக்காதீங்கப்பா. குடுத்துட்டா, அப்புறம் அவ நாளைக்கு நாளைக்குன்னு சொல்ல என்கிட்ட வரவே மாட்டா."

தோமஸ் நின்றார். கசங்கிய சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, ஹுய் மினின் அப்பாவுக்குக் காலை வணக்கம் மட்டும் சொன்னார். கடைசியாக விசாரித்த நவம்பர் பதினெட்டாம் தேதி வரைக்கும் குஷன் வந்து சேரவில்லை.