மஞ்சள் துணியில் முடிந்த ரூபாய்

கண்ணுங்களா, ஷார்ட்லிஸ்ட், செலக்ட் இரண்டும் ஒன்றென்றே நினைத்திருந்தேன். உங்கள் அக்காவுக்கு வேலை கிடைத்தால் உண்டியலில் போடுவதாக அண்ணாமலையாரை வேண்டி, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வைத்திருந்தேன். போன வாரம் அவள், "ஷார்ட்லிஸ்ட் ஆயிட்டேம்பா!" என்று கத்தியதும் கோயிலுக்கு ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

அதைக் கேட்டு அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஐயோ அப்பா, செலக்ட் ஆனாதான் வேலை. இது கொஞ்சம் பேர பொறுக்கி இன்டர்வியூவுக்குக் கூப்பிடறது."

"அப்போ சாமி, வேலை முடிஞ்சிடுச்சினு இருந்துடுமே?"

"அது உன்ன மாதிரி அவசரப்படாது, போ."

அவள் சிரித்தாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்டர்வியூ முடிந்தும் பதில் வரவில்லை. எந்தப் போன் அடித்தாலும் எழுந்து நிற்கிறேன்.

இன்று நீங்களெல்லாம் வெளியே போனபின், பழைய வேட்டியின் ஓரத்தைக் கிழித்து மஞ்சளில் நனைத்துக் காயவைத்தேன். இன்னொரு ரூபாயை வைத்து, முடிச்சை இறுக்கிப் போட்டேன்.