ஆறு வருஷம் நின்ற வண்டி, அரை மணியில் வேண்டுமாம்

நின்றுபோன வண்டியை மறுபடி கிளப்பித் தருகிற தொழிலில், வண்டியால் வருகிற தொல்லை கால் பங்கு என்றால் வண்டிக்காரரால் வருவது முக்கால் பங்கு. தையல் மிஷின் போட்டிருக்கிறவர்கள், மாவு மிஷின் நடத்துகிறவர்கள், பெண்பிள்ளை கை வைத்த வேலையை நம்பாத ஜனங்களிடம் தினமும் பேசித் தொண்டை வற்றுகிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் இப்படி உட்காருங்கள். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் ஷெட், நெய்வேலி டவுன்ஷிப்பை விட்டு மந்தாரக்குப்பம் போகிற ரோட்டில் இருந்தது. என் வீட்டுக்காரர் பழைய மெக்கானிக். ஒரு நாள் திடீரென்று வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. நடையும் பேச்சும் பிழைத்தன, கை பிழைக்கவில்லை. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் பதினைந்து வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதனால் ஸ்பேனரை நானே பிடித்தேன். இடம் என் மூத்தாருடையது, என் வீட்டுக்காரரின் கூடப் பிறந்த அண்ணன். மைன்ஸில் பர்மனென்ட் வேலை. ஆவணி மாதம் ஷெட்டுக்கு வந்து நின்று, என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொன்னார்: "பொங்கல் வரைக்கும் பாக்கறேன். பொம்பள ஸ்பேனர் புடிக்கிற கடைக்கு எவன் வருவான்? யாரு வேலை செய்யறாங்கறதுதான் முக்கியம். சரிப்படலன்னா டீக்கடைக்கு வுட்டுடுவேன்."

நாற்காலி

அந்த வாரமே ஒரு ஸ்கூட்டர் வந்தது. நான் முழங்கை வரை கிரீஸ் கறுப்போடு கார்பரேட்டரைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். வண்டிக்காரர், நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் முன்னால் போய்க் குந்திக்கொண்டார். "எத்தனை வருஷமா நிக்குதுங்க?" என்று நான் கேட்டேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நாலு வருஷம்ங்க" என்றார். "பெட்ரோலைக் காலி பண்ணிட்டு நிறுத்துனீங்களா?" என்றேன். "இல்லீங்க, டேங்க்லயே வுட்டுட்டேன்" என்று மறுபடியும் அவரிடமே சொன்னார். நான் என்ன, சுவரில் மாட்டிய ரேடியோவா?

பழைய பெட்ரோல் உள்ளேயே காய்ந்து பிசினாகி, ஊசிமுனை அளவு துவாரத்தை அடைத்திருந்தது. அதை ஊற வைத்து, ஊதி, திறந்து, பிளக்கைத் தேய்த்துப் போட்டு உதைத்தேன். மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. அந்த மனுஷன் எழுந்து ஓடிப்போய், என் வீட்டுக்காரர் மடியில் கிடந்த விழுந்துபோன வலது கையைத் தானே தூக்கிப் பிடித்துக் குலுக்கினார். "கைராசின்னா இதாங்க கைராசி!"

எலுமிச்சம்பழம்

ஆயுத பூஜை முடிந்த மறு வாரம், கேட்கவே வேண்டாம். பூஜையன்று வண்டியைப் பார்த்து ஆசை வந்தவர்கள் எல்லாம் தள்ளிக்கொண்டு வருவார்கள். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஓடாத வண்டியானாலும் வருஷம் ஒரு தரம் ஹோஸ் பைப்பைப் பிடித்து, எருமையைக் குளிப்பாட்டுகிற மாதிரி குளிப்பாட்டிவிடுவார்கள். பிறகு சந்தனம், குங்குமம், மாலை.

அப்படி வந்த ஒரு ஸ்கூட்டரில் சாவி நுழையவில்லை. சாவித் துவாரம் முழுக்கச் சந்தனம், ஒன்பது வருஷத்துச் சந்தனம், கல்லாக இறுகிக் கிடந்தது. டேங்க் மூடியில் ரப்பர் இற்றுப்போய், ஒன்பது வருஷக் குளியலும் நேராக டேங்குக்குள் இறங்கியிருந்தது. கவிழ்த்தால் பெட்ரோலா வந்தது? காவி நிறத்தில் துருத் தண்ணீர். "ஏங்க, ஓடாத வண்டியை எலுமிச்சம்பழத்து மேல எப்படி ஏத்துனீங்க?" என்று கேட்டேன். "நாலு பேரு சேர்ந்து தள்ளி ஏத்துவோம்மா" என்றார், ஏதோ பெரிய காரியம் போல. "வீட்டுக்குள்ள வச்சித் தண்ணி ஊத்தியே கெடுத்திருக்கீங்களே" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வருஷம் தவறாம சாமி கும்பிட்ட வண்டிம்மா, அது எப்படிக் கெட்டுப்போவும்? நீ கை வச்சதுக்கு அப்புறம்தான் துரு வந்திருக்கும்."

பஸ் பிடிக்கிற அவசரம்

இன்னொருவர் ஆறு வருஷம் நிறுத்தி வைத்த மொபெட்டைக் காலை ஒன்பது மணிக்கு விட்டுப் போனார். பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. பிளக் ஓட்டை வழியாக எண்ணெய் விட்டு, அது ஊறி இறங்கும் வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு உதைத்தால் உள்ளே உடையும். ஒன்பதரைக்குத் திரும்பி வந்து, இடுப்பில் கை வைத்து நின்றார். "ஆறு வருஷம் பொறுத்தீங்க, ஒரு நாள் பொறுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "ஆறு வருஷமா வண்டி இல்லாமலே நாய் படாத பாடு பட்டுட்டேன், இன்னும் ஒரு நாள் வேறயா?"

வாராவாரம்

கிறிஸ்துமஸுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஸ்டெல்லா டீச்சர் வந்தார். அவர் வீட்டுக்காரர் துபாயில். அவர் ஆசையாக வாங்கிய ஸ்கூட்டர் நாலு வருஷமாகப் பெட்ஷீட் போர்த்திக்கொண்டு நிற்கிறது. "வாராவாரம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன்னு லெட்டர்ல எழுதிக்கினே இருந்துட்டேங்க. இப்ப அவரு வர்றாரு. நீங்கதான் என் மானத்தக் காப்பாத்தணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு மனசு இளகிவிட்டது. பெண் கஷ்டம் பெண்ணுக்குத்தானே தெரியும். அவர் வீட்டுக்கே போய் மூன்று நாள் வேலை செய்தேன். கேபிள் அத்தனையும் புதுசு. பிரேக் கட்டையைத் தேய்த்துப் போட்டேன். நாலு வருஷம் நின்ற வண்டி, நேற்று நிறுத்தின மாதிரி ஒரே உதையில் கிளம்பியது.

துபாய்க்காரர் வந்தார். வண்டியை உதைத்துப் பார்த்துப் பூரித்துப் போனார். பண்டிகை முடிந்து இருவரும் ஷெட் வழியாகப் போனபோது நிறுத்தி, "நீங்கதான் வண்டியப் பாத்துக்கிட்டீங்களா?" என்று அவர் என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து டீச்சர் சொன்னார்: "சேச்சே, இவங்க ஒரு தடவ துடைச்சிக் குடுத்தாங்க, அவ்ளோதான். ஸ்டார்ட் பண்ணதெல்லாம் நானு."

லாரி நின்ற வாசல்

பொங்கலுக்குப் பத்து நாள்தான் இருந்தது. மைன்ஸில் ரிட்டயர் ஆன ஒருவர் அன்றைக்கே குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். சாமான் ஏற்றிய லாரி வாசலில் நிற்கிறது, ஸ்கூட்டரை ஏற்ற இடமில்லை. வீட்டுப் பின்பக்கம் பன்னிரண்டு வருஷம் நின்ற வண்டியை அவர் சொந்த ஊரான சேத்தியாத்தோப்பு வரை ஓட்டிக்கொண்டு போவாராம். ஆள் அனுப்பினார், போனேன். போனால், அதே பிளாக்கில்தான் என் மூத்தார் வீடும். கையைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக நிற்கிறார். இங்கே தோற்றால் டீக்கடைதான்.

அதற்குள் முதல் ஷிப்ட் முடிந்து, டிபன் கேரியரும் கையுமாக ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. "சாய்ச்சி உதைம்மா", "சோக்கைப் போடும்மா", "தள்ளிக்கினே கியரைப் போடும்மா" என்று ஆளுக்கொரு யோசனை. லீவில் வீட்டிலிருந்த ஒருவர் என்னை ஒதுக்கிவிட்டு, "நவுரு, நான் மைன்ஸ்ல கோபுரம் ஒசரத்து மிஷினையே ஓட்டறவன்" என்று நாற்பது உதை உதைத்தார். அவர் வேட்டிதான் அவிழ்ந்தது. நான் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தேன். பிளக்கில் பொறி வந்தது, புதுப் பெட்ரோலும் இறங்கியது, ஆனாலும் வண்டி கிளம்பவில்லை. பிறகு, "கொஞ்ச நேரம் வாயை மூடறீங்களா எல்லாரும்?" என்று கத்தினேன். நிஜமாகவே கத்தினேன். ஒருவரை உதைக்கச் சொல்லி, சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைத்தேன். காற்றே வரவில்லை.

சைலன்சரைக் கழற்றித் தரையில் தட்டினேன். குளவி கட்டிய மண்கூடு, கட்டி கட்டியாக விழுந்தது. திரும்ப மாட்டி உதைத்தேன். கிளம்பியது! பன்னிரண்டு வருஷப் புகையும் ஒரே மூச்சில் வெளியே வந்து, கொடியில் காய்ந்த துணியெல்லாம் மறைந்துபோனது. ஒரு அம்மா ஜன்னல் வழியாகத் திட்டினார். வண்டிக்காரர் சட்டென்று ஏறி உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "நான்தான் சொன்னேனே, நம்ம வண்டியில ஒரு கோளாறும் இல்லன்னு!"

மூத்தாரின் தீர்ப்பு

நாலு நாள் கழித்து மூத்தார் ஷெட்டுக்கு வந்தார். தீர்ப்புச் சொல்ல வருகிறார் என்று எழுந்து நின்றேன். வெயிலில் வியர்த்து வழிய, மூன்று வருஷமாக நின்ற தன் மொபெட்டைத் தானே தள்ளிக்கொண்டு வந்தார். நேராக நாற்காலியிடம் போனார். "தம்பி, இத கொஞ்சம் பாத்துக் குடு. கடையைப் பத்தி இனிமே பேச்சில்ல, நீயே வச்சிக்க."

என் வீட்டுக்காரர் அன்றைக்கு விடவில்லை. "அண்ணே, நான் ஸ்பேனரைத் தொட்டு ரொம்ப நாளாவுது. பாக்கப்போறது இவதான். அன்னிக்கி உங்க பிளாக்குல நீங்களே நின்னு பாத்தீங்க இல்ல?"

மூத்தார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மெதுவாகத் துடைத்தார். பிறகு சொன்னார்: "யாரு பண்ணா என்னப்பா, வண்டி கெளம்புனா போதாதா?"

பன்னிரண்டு வருஷம் நின்ற வண்டியைக் கிளப்ப எனக்கு அரை நாள் போதும், ஆனால் "நீதாம்மா பண்ணே" என்கிற ஒரு சொல்லை ஒரு ஆளின் வாயிலிருந்து கிளப்ப இந்த ஷெட்டில் இருக்கிற எந்த ஸ்பேனரும் உதவவில்லை.