ஜெகதீஸ்வரி வரைந்த நாய்

மன்னிப்பதுதான் பெரிய குணம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்களில் பாதிப் பேர் கடி வாங்காதவர்கள். மீதிப் பேர் கடித்தவர்கள். ஜெகதீஸ்வரி இந்த இரண்டிலும் சேர்த்தி இல்லை. அவளுக்குக் கறுவத் தெரியும். ஆறு மாதம், பார்க்கிற வேலையை விடாமல், உண்கிற சோற்றைக் குறைக்காமல், நிதானமாகக் கறுவினாள். நான் எதிரே உட்கார்ந்து அதைத் தினமும் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

என் பெயர் ராமசுப்பு. அருப்புக்கோட்டையில் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கு எதிரே, மூடிக் கிடக்கிற நூல் கடையின் படியில் உட்கார்ந்து அவள் திருஷ்டிப் பூசணிக்காய்க்கு வண்ணம் அடித்து விற்கிறாள். இரண்டு பேருக்கும் ஒரே ஊர், பாலவனத்தம் பக்கம். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்துப் பிழைத்தவர்கள். இவள் கல்யாணமான புதிதில் பெயின்டர்களோடு சித்தாளாகப் போனாள். சுவருக்கு உப்புத்தாள் தேய்க்கிற வேலை. டப்பாவின் அடியில் மிஞ்சியதை வைத்துத் தானாகவே வரையக் கற்றுக்கொண்டாள். பத்து வருடமாகப் பூசணிக்காய்தான் பிழைப்பு.

மற்றவர்கள் காயில் நாக்கைத் தொங்கப்போட்ட பூதத்தை வரைவார்கள். இவள் மிருகம்தான் வரைவாள். லாரி செட்டுக்குக் காளை, மர மில்லுக்கு யானை, பால் டிப்போவுக்குப் பசு. பூதம் என்ன பாவம் செய்தது என்று ஒரு நாள் கேட்டேன்.

"பூதத்தை யாரு பாத்தா அண்ணாச்சி? எப்பிடி வரைஞ்சாலும் சரிதான்னு வாங்கிட்டுப் போயிருவாக. மாட்டைத் தப்பா வரைஞ்சா சின்னப்புள்ள கூடக் கேட்டுப்புடும்ல" என்றாள்.

யாளி கேட்டு வந்த ஒரு பணக்காரரை, "நான் பாத்ததில்லய்யா" என்று திருப்பி அனுப்பியவள் அவள். கண்ணால் பார்த்ததைத்தான் கை வரையும், வாயும் சொல்லும். அப்படிப்பட்டவளைத்தான் ஊர் பொய்க்காரி என்றது.

காயில் கத்தியே படக் கூடாது என்பாள். கீறல் விழுந்தால் நாலு நாளில் தண்ணீர் விட்டு நாறிவிடும். மேலே பூத்திருக்கும் வெள்ளைச் சாம்பலை ஈரத்துணியால் துடைத்து, காய வைத்து, ஒரு கை பிரைமர், அதற்கு மேல் எனாமல். காதுகளைப் பழைய டயர் டியூபில் வெட்டி ஒட்டுவாள். மீசைக்கு விளக்குமாற்றுக் குச்சி, கொம்புக்கு வளைந்த கருவேலங்கிளை. பெயின்டும் பசையும் என் கடையில்தான் வாங்குவாள்.

எங்கள் ஊரில் விஜயபாண்டிக்கு நாற்பது ஏக்கர் நிலம். நிலத்தை விட அவருக்குப் பெருமை அவருடைய கன்னி இன வேட்டை நாய். கறுத்த உடம்பு, கண்களுக்கு மேலே இரண்டு மஞ்சள் பொட்டு, நுனி கிழிந்த இடது காது. பெயர் புல்லட்டு. பிள்ளையில்லாத மனிதர், அதைப் பிள்ளை மாதிரி வளர்த்தார். தினமும் விடிந்ததும் ஓடி வரட்டும் என்று அவிழ்த்து விடுவார். அது ஓடியது, எங்கள் ஊர்க்காரன் மொக்கையனின் இரண்டு ஆடுகளையும் குதறியது. "ஊர்ல நாய்க்கா பஞ்சம், எதுவோ கடிச்சிருக்கும்" என்று விஜயபாண்டி முடித்துவிட்டார்.

சித்திரை மாதம் ஒரு காலையில் ஜெகதீஸ்வரி ஏழு மணி பஸ்ஸுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள். நான் இருபதடி பின்னால் வண்டியில் வந்துகொண்டிருந்தேன். புல்லட்டு வேலியைத் தாண்டி வந்து அவளுடைய கெண்டைக்காலைக் கவ்வியது. நான் கல்லை விட்டெறிந்தேன். நாய் நேராக விஜயபாண்டி வீட்டுக் கேட்டுக்குள் நுழைந்தது. காலைத் துண்டால் கட்டி, அவளை என் வண்டியிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டேன். அது வரைக்கும் நான் நல்லவன்தான்.

அந்த வாரம் கோயில் முன்னால் ஊர் கூடியது. விஜயபாண்டி வெள்ளைச் சட்டை கசங்காமல் எழுந்தார்.

"எங்க நாயி அன்னைக்குக் கட்டுத்தறியில கெடந்துச்சு. தெருநாய் கடிச்சதுக்கு நான் என்னப்பா செய்ய? ரூவாய்க்காக இந்தப் புள்ள நடிக்குது" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நான் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எனக்கு ரூவா வேணாம்யா. உங்க நாயிதான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, கட்டிப் போடுங்க. அது போதும்" என்றாள் ஜெகதீஸ்வரி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி பாத்தாக. அவுகளயே கேளுங்க."

விஜயபாண்டி அப்போது டவுனில் மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார். அத்தனை பெயின்டும் என் கடையிலிருந்து போவதாகப் பேச்சு. மொத்த ஊரும் என் வாயைப் பார்த்தது.

"நான் பாக்கல. திரும்புறதுக்குள்ள ஓடிருச்சு" என்றேன்.

வேலிக்கு ஓணான் சாட்சி சொன்ன மாதிரி ஆயிற்று. அன்றோடு அவள் ஊருக்குப் பொய்க்காரி. பஸ்ஸில் அவள் ஏறினால் யாராவது ஒருவன் குரைத்துக் காட்டுவான். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள், "என்ன ஜெகதீசு, இன்னைக்கு எந்த நாயி?" என்பார்கள். காலில் இருந்த புண் இரண்டு மாதத்தில் ஆறியது. அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, சண்டைக்கும் வரவில்லை. எப்போதும் போல வந்து பெயின்ட் வாங்கினாள். ஒரே ஒரு தடவை மட்டும், மீதிச் சில்லறையை வாங்கும்போது, "பாத்தீகள்ல அண்ணாச்சி" என்றாள். நான் டப்பாக்களை அடுக்குகிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

அதன் பிறகு தினமும் காலையில் அவள் விஜயபாண்டி வீட்டுக் கேட்டுக்கு எதிரே கொஞ்ச நேரம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பயத்தில் நிற்கிறாள், நாய் கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நாயை அளவெடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆயுத பூஜைக்கு மூன்று நாள் முன்பு பூசணிக்காய் லோடு வந்து இறங்கியது. அவள் ஒரு மணி நேரம் குவியலைப் புரட்டி, நீளமாக, ஒரு பக்கம் சிறுத்த காய் ஒன்றைத் தேடி எடுத்தாள். உருண்டைக் காயைத்தான் எல்லாரும் கேட்பார்கள். இது எதற்கு என்று கேட்டதற்கு, "உங்க கடைக்குத்தான்" என்றாள். மனசு ஆறிவிட்டது போல என்று நான் சந்தோஷப்பட்டேன். நமக்கு வசதியானதை நம்புவதில் நாம் என்றைக்கும் கெட்டிக்காரர்கள்.

பூஜையன்று கடைக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தேன். பெரிய வாடிக்கையாளர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் நாற்காலி, பொரிகடலை, கலர் சோடா. விஜயபாண்டி நடு நாற்காலியில் இருந்தார். மொக்கையன் எங்கள் வீதியில்தான் சுமை தூக்குகிறான், அவனும் நின்றான். பூஜை முடிந்ததும் ஜெகதீஸ்வரி துணி மூடிய இரண்டு கூடைகளோடு வந்து ஒன்றை என் முன்னால் வைத்தாள். நான் துணியை எடுத்தேன்.

புல்லட்டு என்னைப் பார்த்தது. காயின் சிறுத்த பக்கம் மூக்கு. கறுப்பு எனாமல், கண்களுக்கு மேலே இரண்டு மஞ்சள் பொட்டு, டியூபில் செய்த இடது காதில் அதே கிழிசல். பாய்வதற்கு முன்னால் உதடு ஏறுமே, அதைக் கூட விடவில்லை. கல்லை விட்டெறிந்த காலை எனக்கு அப்படியே கண் முன்னால் வந்தது.

"ஏலே, இது புல்லட்டுல்ல?" என்றான் மொக்கையன். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"இல்லண்ணே, தெருநாயி. என்னயக் கடிச்சுச்சுல்ல, அது" என்றாள் ஜெகதீஸ்வரி. "கற்பூரத்த ஏத்தி உடைங்க அண்ணாச்சி."

எங்கள் பக்கத்தில் பூசணிக்காய் உடைப்பது உயிருக்குப் பதில். கிடா வெட்டுகிற இடத்தில் காயை உடைத்துச் சாமியைச் சமாதானம் செய்கிறோம். பலி இன்னதென்று யாரும் முகம் எழுதி வைப்பதில்லை. இங்கே எழுதி வைத்திருந்தாள். விஜயபாண்டியின் முகத்தில் வேர்வை அரும்பியது. நான் கற்பூரத்தை ஏற்றி, காயை மூன்று சுற்று சுற்றி, தலைக்கு மேல் தூக்கினேன். தூக்கும்போது எனக்கும் உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது. அவருடைய மாடி வீட்டுக்குக் கடைசியில் மதுரையிலிருந்து பெயின்ட் இறக்கியிருந்தார்.

"இருப்பா, இருப்பா. வேற காய எடுத்து உடை" என்று எழுந்து வந்தார்.

"ஏன்யா? உங்க நாயிதான் கட்டுத்தறியில கெடக்கே. தெருநாய்க்கு நீங்க எதுக்குப் பதறுறீக?" என்றாள் அவள்.

நான் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். அவர் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க நாயிதாம்மா" என்றார்.

"எது?"

"ஒன்னயக் கடிச்சது. எம் புல்லட்டுதான். நாந்தான் அவுத்து விட்டேன். அத உடைக்க வேணாம்னு சொல்லும்மா."

மொக்கையன் முன்னால் வந்தான். "அப்ப எங்க ஆடு?" என்றான். விஜயபாண்டி தலையைக் குனிந்து, "அதுவுந்தான்" என்றார். ஜெகதீஸ்வரி கற்பூரத்தைத் தட்டி அணைத்துவிட்டு, என் கையிலிருந்து காயை வாங்கி அவருடைய கைகளில் வைத்தாள்.

"உங்க நாயி. நீங்களே கூட்டிட்டுப் போங்க. இனிமே கட்டிப் போடுங்க."

பத்துக் கிலோ காய். அதை மார்போடு அணைத்துக்கொண்டு, காயாத கறுப்பு எனாமல் வெள்ளைச் சட்டையில் அப்ப, நாற்பது ஏக்கர்காரர் கார் நிற்கிற இடம் வரைக்கும் கடைவீதியில் நடந்தார். நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறியது. ஒரு காய்க்குப் பயந்து மானத்தை விட்ட மனிதரைப் பார் என்று பக்கத்துக் கடைக்காரரின் தோளில் தட்டினேன். நல்ல நேரம் முடியப் போகிறது என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள்.

"வேற காய் இருக்கா ஜெகதீசு?" என்றேன்.

"இல்லாமயா?" என்று இரண்டாவது கூடையின் துணியை அவளே எடுத்தாள்.

உருண்டையான வெள்ளைப் பூனை. இரண்டு கண்களையும் இறுக்கி மூடியிருந்தது. மூடிய கண்களின் மேல் கறுப்புச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி. அதே கண்ணாடி என் மூக்கிலும் இருந்தது. கூட்டம் பூனையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பிறகு சிரித்தது.

"உடைங்க அண்ணாச்சி" என்றாள்.

நான் சாமி கும்பிடுவேனே தவிர இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. கற்பூரத்தை ஏற்றிக் காயைத் தூக்கினேன். நெஞ்சு வரைக்கும் வந்தது, அதற்கு மேல் கை வரவில்லை. சுகர் இருக்கிறது, போன மாதம்தான் டாக்டர் இதயத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தார், என்னென்னவோ ஞாபகம் வந்தது. கற்பூரம் காயின் மேல் எரிந்துகொண்டிருந்தது. அவள் அவசரப்படவில்லை.

"நான் பாத்தேன்" என்றேன்.

"கேக்கல."

"நான் பாத்தேம்மா. புல்லட்டு ஒன்னயக் கடிச்சத நான் கண்ணால பாத்தேன். யாவாரத்துக்காகப் பொய் சொன்னேன்" என்று வீதி முழுக்கக் கேட்கச் சொன்னேன். எனக்கு அழுகை வந்தது, அவமானமாகவும் இருந்தது.

அவள் கற்பூரத்தை ஊதி அணைத்தாள். காயை வாங்கி, உறியில் வைத்து, என் கடைப் பலகைக்குக் கீழே நடுவில் அவளே கட்டித் தொங்கவிட்டாள். கத்தி படாத காய் ஆறேழு மாதம் கெடாது. வருகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துவிட்டு, பூனைக்கு எதற்குக் கண்ணாடி என்று கேட்கிறார்கள். கேட்டால் சொல்ல வேண்டும் என்பது அவள் போட்ட தண்டனை. கூட்டமாக இருக்கும்போது நான் கொஞ்சம் அங்கே இங்கே மழுப்பிச் சுருக்கப் பார்ப்பேன். பிரஷ்ஷிலிருந்து கண்ணை எடுக்காமலே எதிர்ப் படியிலிருந்து சொல்லுவாள்:

"முழுசாச் சொல்லுங்க அண்ணாச்சி."