தார்ப்பாயில் கால் படாமல்

மணல் சலிப்பது ஆன்சியின் வேலை. அந்த வீட்டில் சமையலுக்குக் கணவன் ஜெரி கூட நிற்பான், துணி துவைக்க மெஷின் இருக்கிறது. பூனையின் மணல் தொட்டியை மட்டும் அவள் யாரிடமும் விட்டதில்லை. அடுப்பில் பால் பொங்குவதற்குள் பழைய மாவு சல்லடையோடு பின்பக்கத் தளத்துக்குப் போய்விடுவாள். கட்டியானதை அள்ளிக் கவரில் முடிந்து, மிச்சத்தைச் சலித்து, கொஞ்சம் புது மணல் சேர்த்து, தொட்டியை அதே மூலையில் வைப்பாள்.

"கொஞ்சம் தள்ளி வெச்சா இன்னா, துணி காயப் போட எடம் கிடைக்கும்ல?" என்று ஜெரி ஒருமுறை கேட்டான்.

"உன் பாத்ரூமை தெனம் ஒரு எடத்துல வெச்சா நீ சும்மா இருப்பியா?"

அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

ஆன்சி ராயபுரத்தில் பிறந்து, இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டில் உட்கார்ந்து, வருகிற லாரியையும் போகிற லாரியையும் சரிபார்ப்பது அவள் உத்தியோகம். டிரைவர்கள் அவளிடம் குரலை உயர்த்த மாட்டார்கள். உயர்த்தியவர்கள் வெயிலில் வண்டியை ஓரங்கட்டி நின்று பார்த்திருக்கிறார்கள். பூனையும் அந்த கேட் வழியாகத்தான் வந்தது. ஒசூர் லாரி ஒன்றின் கயிற்றுக் குவியலுக்குள், உள்ளங்கையில் அடங்குகிற சாம்பல் நிறக் குட்டி. பேப்பர் இல்லாமல் அவள் உள்ளே விட்ட ஒரே சரக்கு அதுதான்.

ஜெரி காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பார்ப்பவன். குட்டியின் வால் எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே இருப்பதைப் பார்த்து, படகின் பின்னால் இருக்கும் சுக்கான் என்று பெயர் வைத்தான். பெண் குட்டி என்று பிறகுதான் தெரிந்தது. பெயரை மாற்றவில்லை. வளர்ந்ததும் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்க் கருத்தடை ஆபரேஷன் செய்து, தையல் பிரியும்வரை ஆன்சி தன் பழைய நைட்டியின் கையை வெட்டி அதற்குச் சட்டை மாட்டி வைத்திருந்தாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, சுக்கான் மொட்டை மாடிக்கு வழி கண்டுபிடிக்கும்வரை.

மொட்டை மாடி வீட்டுக்காரம்மா சிலுவையம்மாளுடையது. கீழ்வீட்டில் இருக்கிறார். கருவாட்டு வியாபாரம். மாடி முழுக்க நீலத் தார்ப்பாய் விரித்து நெத்திலி காயும். ஒரு மதியம் சுக்கான் அதில் வயிறாரத் தின்றதோடு நில்லாமல், மல்லாந்து படுத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை புரண்டிருக்கிறது. அன்றைய நெத்திலி முழுவதும் ரோமம்.

சிலுவையம்மாள் படியேறி வரவில்லை. முற்றத்தில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"இன்னாம்மே ஆன்சி, கேட்டுக்கோ. இன்னொரு தபா என் தார்ப்பாய்ல அது கால் பட்டுச்சு, ஒண்ணு பூனை போவணும், இல்ல நீங்க ரெண்டு பேரும் போவணும். எது வசதின்னு நீயே பாத்துக்கோ."

சொன்னதைச் செய்கிறவர். இதே வீட்டில் முன்பு குடியிருந்தவர்களை, சொல்லாமல் சுவரில் ஆணி அடித்ததற்காகக் காலி செய்ய வைத்தவர்.

"ஜன்னலை மூடி உள்ளயே வெச்சிரு" என்றான் ஜெரி.

வைத்துப் பார்த்தாள். சுக்கான் இரவெல்லாம் கத்தியது, திரைச்சீலையைக் கிழித்தது, சாப்பாட்டை மோந்துவிட்டுப் போனது. நான்காம் நாள் ஆன்சி முடிவுக்கு வந்தாள். "வெளிய போவக் கூடாது. வெளிக் காத்தும் வேணும். அப்ப வெளியவே ஒரு வூடு கட்டிரலாம்."

சாத்தாங்காடு மார்க்கெட்டில் இரும்பு வாங்கி வெல்டிங் செய்து தருகிற டில்லிபாபுவை வரவழைத்தாள். கடலை விட்டுத் தள்ளி இருக்கிற எம்.கே.பி. நகர்க்காரன். பின்பக்கத் தளத்தை அளந்துவிட்டு, சுவரில் நாலு போல்ட் போட்டால் போதும் என்றான்.

"ஆணியே கூடாதுன்ற வூட்ல போல்ட்டா? தானா நிக்கணும் தம்பி, அலமாரி மாதிரி."

கதவு விஷயத்திலும் அவள் சொன்னதுதான். ஒன்றல்ல, இரண்டு கதவு: அறையிலிருந்து கூண்டுக்கு உள்கதவு, கூண்டிலிருந்து தளத்துக்கு வெளிக்கதவு. உள்கதவை மூடாமல் வெளிக்கதவைத் திறப்பதில்லை. யார்டில் அப்படித்தான். ஜன்னல் உயரத்தில் மீன் பெட்டிப் பலகையில் ஒரு தட்டு. வெயிலில் இரும்பு சுடும் என்று கம்பங்களில் கப்பல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினாள். பூனைக்கு நகம் கீறவும் அதுவே ஆயிற்று.

கம்பி வலையில் மட்டும் ஜெரி குறுக்கே வந்தான். "எதுக்குக் கம்பி? கடல்காத்துல துருப் புடிச்சிரும். போட்ல கழிச்சுப் போட்ட இழுவலை கீது. டன் டன்னா மீன் இஸ்துகினு வந்த வலை. உன் பூனை இன்னா பண்ணிடும் அத்த?"

நியாயமாகத்தான் பட்டது. வலையைக் கொண்டுவந்து கழுவிக் காயவைத்துக் கட்டினார்கள். டில்லிபாபு மட்டும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"கவுச்சி தாங்கலக்கா."

ஜெரியும் ஆன்சியும் ஆளுக்கொரு பக்கம் வலையை மோந்து பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

"எம்.கே.பி. நகர் மூக்கு" என்றான் ஜெரி. மூன்று பேரும் சிரித்தார்கள்.

பூனையைத் தூக்கிக் கூண்டுக்குள் போடுவதற்கு ஆன்சி சம்மதிக்கவில்லை. "தள்ளிவுட்டா ஜெயிலு. தானா போச்சுன்னா வூடு." உள்கதவைத் திறந்து வைத்து, உள்ளே தன் பழைய நைட்டியை விரித்து, சாப்பாட்டுத் தட்டை முதலில் வாசலில் வைத்தாள். பிறகு ஒரு முழம் உள்ளே. பிறகு பலகையின் மேல். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள், பூனை பக்கம் திரும்பாமல்.

கூப்பிட்டால் அறைக்குத் திரும்பவும் பழக்கினாள். எவர்சில்வர் மூடியில் கரண்டியால் மூன்று தட்டு. சுக்கான் வந்தால், வேகவைத்த காரப்பொடி மீன் ஒன்று, அந்த நொடியே. மருந்து கொடுக்கவோ குளிப்பாட்டவோ அந்தச் சத்தத்தை அவள் தொடமாட்டாள். ஒருநாள் ஜெரி விளையாட்டுக்குத் தட்டினான். ஓடி வந்த பூனை அவன் வெறுங்கையைப் பார்த்தது.

"குடு" என்றாள் ஆன்சி.

"மீன் இல்லியே."

"அப்ப எதுக்கு யோவ் தட்டின? பொய்யா ஒருவாட்டி தட்டினா நாளைக்கு நெஜமா தட்டும்போது அது வருமா? போ, உன் குழம்புல இருந்து ஒரு துண்டு கழுவி எடுத்துனு வா."

அவன் தட்டில் இருந்தது ஒரே துண்டு வஞ்சிரம். கழுவி எடுத்து வந்தான்.

ஒரு மாதத்தில் சுக்கான் கூண்டிலேயே பகலைக் கழித்தது. பலகையில் படுத்துக் காக்கைகளைப் பார்த்தது. வலையை ஓயாமல் நக்கியது. "பாரு, எப்டி புடிச்சுப் போச்சு அதுக்கு" என்று ஆன்சி பெருமையாகச் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து சேலைகூட மாற்றவில்லை. மாடியிலிருந்து சத்தம்.

"ஆன்சீ! வந்து பாரும்மே உன் லட்சணத்தை!"

படியேறி ஓடினாள். கைப்பிடிச் சுவரின் மேல் சுக்கான். கீழே தார்ப்பாய் நிறைய நெத்திலி. எதிரே சிலுவையம்மாள், கையில் தென்னந்துடைப்பம், ஓங்கிய நிலையில்.

பூனை முன்காலைத் தாழ்த்தியிருந்தது. துடைப்பம் இறங்கினால் அது குதிக்கப்போகிற இடம் நெத்திலிதான்.

"அக்கா, அசையாத."

"எனக்கே சொல்றியா?"

"ஒனக்குத்தான். துடைப்பத்தை அப்படியே வெச்சுக்கோ. அதும் கண்ணைப் பாக்காத."

பூனையைப் பிடிக்க அவள் போகவில்லை. திரும்பிப் படியிறங்கினாள்.  வாழ்நாளில் சிலுவையம்மாளுக்கு யாரும் அப்படி முதுகு காட்டியதில்லை.

கீழே மூடியில் கரண்டி விழுந்தது. டங், டங், டங்.

சுக்கான் காதை நிமிர்த்தியது. நெத்திலியைப் பார்த்தது. சுவரின் மேலேயே திரும்பி, தார்ப்பாயின் ஓரம் முழுக்கச் சுவர்மேல் நடந்து, தண்ணீர்க் குழாயோரம் சரிந்து, வலையில் இருந்த ஓட்டை வழியாகக் கூண்டுக்குள் நுழைந்து அறைக்குப் போனது. காரப்பொடி அங்கே தயாராக இருந்தது.

ஆன்சி மறுபடி மேலே வந்தாள். "அக்கா, தார்ப்பாய்ல கால் பட்டுச்சா?"

சிலுவையம்மாள் தார்ப்பாயைக் குனிந்து பார்த்தார். பொய் சொல்கிற பழக்கம் அவருக்கும் இல்லை.

"படல. ஆனா எப்டி வெளிய வந்துச்சு, அத்தச் சொல்லு."

ஓட்டையின் ஓரத்தில் நூல் நூலாக மென்று வைத்திருந்தது. ஜெரி உட்கார்ந்து தடவிப் பார்த்தான். "இத்தப் போயி எதுக்குக் கடிக்கணும்?"

சிலுவையம்மாள் வலையை முகத்துக்கு இழுத்து மோந்தார். ஜெரி மோந்தான். ஆன்சி மோந்தாள். மூன்று பேருக்கும் காற்றுதான் அடித்தது. ஒருவர் கருவாட்டில், ஒருவன் படகில், ஒருத்தி இரண்டு தெரு தள்ளிப் பிறந்து, மீன் வாசத்திலேயே ஊறிய மூக்குகள்.

ஆன்சி தலையில் கை வைத்தாள். "கவுச்சின்னு டில்லிபாபு மொத நாளே சொன்னான். நாமதான் சிரிச்சோம். பூனைக்கு நாம நாலு பக்கமும் மீனைக் கட்டித் தொங்கவுட்டுக் கீறோம்யா."

"எம்.கே.பி. நகர் மூக்கு" என்றான் ஜெரி, இந்தமுறை மெதுவாக.

டில்லிபாபு வந்து கம்பி வலை அடித்துக் கொடுத்தான். துருப் பிடிக்காமலிருக்கப் பெயின்ட் அடித்தது ஜெரி; கோழிக்கூண்டு மாதிரி இருக்கிறது என்று முனகிக்கொண்டே அடித்தான். பெயின்ட் வாசனை முழுக்கப் போகும்வரை ஆன்சி பூனையை உள்ளே விடவில்லை. பிறகு முதல் நாளிலிருந்து, வாசலில் தட்டு, ஒரு முழம் உள்ளே, பலகை என்று மறுபடி ஆரம்பித்தாள். சுக்கான் ஒருமுறை கம்பியை நக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

அந்த வாரக் கடைசியில் சிலுவையம்மாள் படியேறி வந்தார். ஆன்சி கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். கூண்டில் சுக்கான் கயிற்றுக் கம்பத்தில் நகம் கீறிக்கொண்டிருந்தது.

"மழைக்கு முன்ன மேல ஒரு ஷீட்டு போட்டுரு. இல்லன்னா நனைஞ்சிரும்."

"ஷீட்டுன்னா சுவத்துல ஆணி அடிக்கணும்கா."

"அடிச்சுக்கோ."

ஜெரி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆன்சியைப் பார்த்தான். அவள் முகத்தில் எதுவும் காட்டவில்லை.

சிலுவையம்மாள் இன்னும் எழுந்திருக்கவில்லை. "கீழ என் சரக்கு ரூம்ல எலி. மூட்டை மூட்டையா ஓட்டை போட்டு வெச்சிருக்கு. பேஜாருமா. அன்னிக்கு நான் பாத்தேன், நெத்திலியத் தாண்டி சும்மா போச்சு பாரு உன்னுது. அந்தப் புத்தி எங்க வரும்?" டம்ளரை நீட்டினார். "அது குட்டி போட்டுச்சின்னா, எனக்கு ஒண்ணு எடுத்து வெய்யி. பொட்டையா. அந்தக் கரண்டி வேலையும் பழக்கிக் குடு."

ஜெரி வாயைத் திறந்தான். ஆன்சி அவன் காலை மிதித்தாள்.

யார்டு கேட்டில் எந்த டிரைவரின் கேள்விக்கும் உடனே பதில் வைத்திருக்கிறவள், டம்ளரை வாங்கி, அடியில் தங்கியிருந்த டீத்தூளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா, தருவியா, மாட்டியா?"

கூண்டில் சுக்கான் பலகைக்குத் தாவி, முன்பு சட்டை மாட்டியிருந்த வயிற்றை நிதானமாக நக்கத் தொடங்கியது. இப்போது சட்டை இல்லை, ஆபரேஷன் தழும்பும் ரோமத்துக்குள் மறைந்திருந்தது.

சிலுவையம்மாள் முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். வாசலில் ஒரு செருப்பை மாட்டி, மற்றதைக் காலால் தேடி, பதிலுக்காக இன்னும் ஒரு நொடி நின்று பார்த்தார். பிறகு படியிறங்கிப் போனார்.