என் பங்கு எவ்வளவு

அன்று திண்டிவனம் களத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், எடை போடும் அண்ணன், பெருமுக்கல் பக்கமிருந்து மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைப் புரட்ட வரும் அக்கா, அவருடைய நாத்தனார். சின்ன முதலாளி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நாற்பது மூட்டை மல்லாட்டை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மூன்று மணிக்கு மேற்கே வானம் கறுத்தது.

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். இந்தக் களத்துக்கு வருவதற்கு முன் ஒன்பது வருடம் விழுப்புரம் மண்டியில், சின்னவருடைய அண்ணனான பெரிய முதலாளியிடம் இருந்தேன். அங்கே ஒருமுறை மேகத்தைப் பார்த்துப் பயந்து, கேட்காமல் தார்ப்பாய் போட்டுவிட்டேன். மழை வரவில்லை. ஈரக்காய் உள்ளே புழுங்கிப் பூசணம் பிடித்தது. "உன்னை யார்ரா யோசிக்கச் சொன்னது? நான் சொல்றத மட்டும் செய்" என்று தெருவே கேட்கக் கத்தினார். சம்பளத்தில் பிடித்தார். சாயங்காலமே டீ வாங்கிக் கொடுத்தார். அதோடு முடிந்தது. அன்றிலிருந்து எதற்கும் கேட்டுவிட்டுத்தான் கை வைப்பேன்.

சின்னவர் வேறு மாதிரி. நான் இங்கே வந்த அன்றே, "களம் உன் பொறுப்பு. சும்மா சும்மா எனக்கு போன் பண்ணாத" என்றுவிட்டார்.

"மூடலாமா வாணாமா? ஜல்தி சொல்லுண்ணா" என்றார் அக்கா.

"மொதலாளிய ஒரு வார்த்தை கேட்டுக்கிறேங்க்கா" என்றேன்.

"நீ கேட்டுக்கினே இரு. மழை யாரையும் கேட்டுக்கினு வராது."

எடை போடும் அண்ணன் சிரித்தார். "பெரியவர்கிட்ட வேலை பாத்த ஆளும்மா. தும்மறதுக்கும் பர்மிஷன் வாங்குவாரு."

சின்னவருக்குப் பதினொரு முறை போன் அடித்தேன். அவர் எடுக்கவில்லை. பன்னிரண்டாவது முறை அடிக்கும்போது போன் திரையில் முதல் துளி விழுந்தது. நான்கு பேரும் ஓடித் தார்ப்பாயை இழுப்பதற்குள் பாதிக்கு மேல் நனைந்துவிட்டது.

மறுநாள் சின்னவர் ஒரு காயை உடைத்து முகர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. "நஷ்டம் எவ்ளோன்னு பாரு. அதுல உன் பங்கு எவ்ளோன்னு நீயே சொல்லு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

மூன்று நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நஷ்டம் அறுபதாயிரம். குறைத்துச் சொன்னால் நன்றி கெட்டவன் என்று நினைப்பாரோ, கூட்டிச் சொன்னால் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு என்ன செய்வது? கடைசியில் பாதி, முப்பதாயிரம் என்றேன். "சரி" என்றார். அந்தச் 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை தெரியவில்லை.

இப்போது யாரையும் கேட்பதில்லை. சின்ன மேகத்துக்கும் மூடுகிறேன், பிறகு புழுங்குமோ என்று பயந்து திறக்கிறேன். அக்கா தலையில் அடித்துக்கொள்கிறார். மாதம் பிறந்தால் இரண்டாயிரத்தைக் கொண்டுபோய் நீட்டுகிறேன்; சின்னவர் எண்ணாமலே பையில் வைக்கிறார். போன மாதம் தைரியம் வந்து, "நான் சொன்ன தொகை சரிதானுங்களா மொதலாளி?" என்று கேட்டேன்.

"உனக்கு எப்படித் தோணுது?" என்றார்.

இன்னும் பதினான்காயிரம் பாக்கி.