கவுண்டர் மாமாவின் கடைசி ஆட்டம்

மணல் ஒட்டிய ஆரஞ்சுச் சுளையைக் கடித்தால் முதலில் இனிப்பு தெரியாது. பற்களுக்கு நடுவே "நறநற"வென்று ஒரு சத்தம் எழுந்து, காதோரம் வரை கூசி, அதற்கப்புறம்தான் சாறு நாக்குக்கு வந்து சேரும். என் பதினோராவது வயதின் குளிர்காலம் எனக்கு இப்படித்தான் நினைவிருக்கிறது. துபாயில் அப்போது வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஜும்மா தொழுகை முடிந்து நாங்கள் குடியிருந்த தேராப் பகுதித் தெருக்கள் மெல்லக் கலகலக்கத் தொடங்கும் நேரத்தில், நானும் அம்மாவும் எங்கள் பழைய காரில் ஊரைத் தாண்டி, இருபுறமும் முள்மரங்களும் ஒட்டகங்களுமாக நீண்ட சாலையில் அந்த ரக்பி மைதானத்துக்குப் போவோம். மைதானம் என்றால் புல் கிடையாது. உருளை போட்டு இறுக்கிய வெறும் மணல், அதன் நான்கு பக்கமும் சுண்ணாம்புக் கோடு, ஒரு மூலையில் மரப்பலகையால் கட்டிய நீளமான கூடம். அவ்வளவுதான். ஆட்டத்தின் இடைவேளையில் தரும் ஆரஞ்சுச் சுளையிலும் அந்த மணல்தான்.

அம்மா கோயம்புத்தூரில் படித்த பிசியோதெரபிஸ்ட். வாரநாட்களில் ஒரு கிளினிக்கில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் ஆட்டக்காரர்களின் முழங்காலுக்கும் தோளுக்கும் டேப் சுற்றிவிடும் வேலை. அவள் போனால் நானும் போகவேண்டும், போன இடத்தில் சும்மா இருக்க முடியாது என்பதற்காகவே என்னைப் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் அணியில் சேர்த்துவிட்டாள். அப்பாவுக்கு இது கடைசிவரை பிடிக்கவில்லை. "பாட்டு கிளாசுக்குப் போற வயசுல இப்படிக் கட்டிப்புரண்டுட்டு வருதே" என்பார். நான் வேகமாக ஓடுவேன் என்பதால் என்னை ஓரத்தில் பந்து வாங்கி ஓடும் இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். அணியில் தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான்.

கூடத்துச் சுவரில் வரிசையாகப் புகைப்படங்கள் தொங்கும். பழையவை கறுப்பு வெள்ளை: சட்டையில்லாத வெள்ளைக்காரப் பையன்கள், முழங்கால் முழுக்க மணல் அப்பியிருக்க, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிப்பார்கள். ஷார்ஜாவில் ஆங்கிலேயர்களின் விமானப்படை முகாம் இருந்த காலத்தவர்கள். இந்த நாட்டுக்கு இந்த விளையாட்டைக் கொண்டுவந்தவர்கள் பட்டாளத்துக்காரர்கள்தான் என்பது காண்டீன் நடத்திய காதர் பாய் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். காயல்பட்டினத்துக்காரரான அவர், இளவயதில் அந்த முகாமின் மெஸ்ஸில் சமையல்காரராக இருந்தவர். "மணல் பறக்காம இருக்க எண்ணெய ஊத்தி இறுக்குவாங்கம்மா. விழுந்து எந்திரிச்சவன் மேலெல்லாம் எண்ணெய் வாடை. நான் மீன் பொரிச்சா என்மேல ஒரு வாடை, அவங்கமேல ஒரு வாடை" என்று சிரிப்பார். முகாம் கலைந்து அவர்கள் ஊர் திரும்பியபோது பந்துகளை விட்டுவிட்டுப் போனார்களாம். வங்கிக்காரர்களும் எண்ணெய்க் கம்பெனிக்காரர்களும் அவற்றை எடுத்து ஆடத் தொடங்கினார்களாம். அப்புறமும் பட்டாளம் வருவது நிற்கவில்லை. துறைமுகத்துக்கு வந்த போர்க்கப்பல்களின் மாலுமிகள், தரையில் இன்னும் கால் நிலைக்காமல் தள்ளாடியபடியே ஆடிவிட்டுப் போன படங்களும் அந்தச் சுவரில் இருந்தன. "வீட்டை விட்டு வந்தவனுக்கு ஒண்ணரை மணி நேரம் எதையாச்சும் கட்டிப்பிடிக்கணும்மா" என்பார் காதர் பாய்.

அந்தக் குளிர்காலத்தில் வந்தவர்கள் பாலைவன முகாமொன்றில் தங்கியிருந்த ஒரு பிரிட்டிஷ் படைப்பிரிவினர். வடக்கே ஈராக்கில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அங்கே போகும் முறைக்காகக் காத்திருந்தார்கள். ஐந்து வெள்ளிக்கிழமைகள் எங்கள் கிளப்போடு ஆட ஏற்பாடு. அந்த அணியில் பாதிப்பேர் பசிபிக் கடலிலிருந்து வந்து பிரிட்டிஷ் படையில் சேர்ந்த பிஜித் தீவுக்காரர்கள். மலைபோன்ற உடம்போடு பஸ்ஸிலிருந்து இறங்கி, ஆட்டத்துக்கு முன் தோளோடு தோள் கோத்து வட்டமாக நின்று, நாலைந்து குரல்களாகப் பிரிந்து தேவாலயப் பாட்டு பாடுவார்கள். அந்த வட்டத்தில் ஒருவர் மட்டும் பாடாமல் கண்ணை மூடி நின்றார். எங்கள் மாமா ஒருவரைப் போலவே இருந்தார். முதல் வாரம் அவர் கணுக்காலுக்கு டேப் போடப் படுத்தபோது, பையில் பெரிய எழுத்தில் இருந்த பெயரைப் படித்த அம்மா துள்ளிவிட்டாள்.

"கவுண்டரா? ஏனுங்க, உங்களுக்கு எந்த ஊருங்க?"

அவருக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. பெயர் மோகன் கவுண்டர். கரும்புத்தோட்ட வேலைக்காகக் கப்பலேறிப் பிஜிக்குப் போன ஒருவரின் கொள்ளுப்பேரன். வீட்டில் பேசுவது அந்த நாட்டு இந்தி. கவுண்டர் என்பது கொள்ளுத்தாத்தாவின் பெயர் என்றே அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார். அது சாதிப்பெயர் என்று அம்மா இந்தியில் விளக்கியபோது, "அப்படியானால் அவர் பெயர்தான் என்ன?" என்று அவர் கேட்டார். அன்றிலிருந்து அம்மா அவருக்கு "தீதி", அக்கா. எனக்கு அவர் கவுண்டர் மாமா.

அவருடைய உயிர் நண்பன் சமி. அவன் பிஜி மண்ணின் பூர்வகுடி. "எங்கள் ஊரில் கரும்புக்காட்டுப் பிள்ளைகள் கால்பந்து ஆடுவோம், ரக்பி இவர்களுடையது. ஒரே ஊரில் பிறந்தும் இவனும் நானும் ஒரே அணியில் ஆட இவ்வளவு தூரம் வரவேண்டியிருந்தது" என்று மாமா ஒருநாள் ஆங்கிலத்தில் சொன்னார். சமி அவர் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்தான்.

இரண்டாம் வாரம் மாமா என்னிடம் ஒரு பென்சிலையும் சின்ன நோட்டையும் நீட்டினார். தன் பெயரைத் தமிழில் எழுதத் தெரியவேண்டுமாம். எனக்கே தமிழ் அரைகுறை; வீட்டில் அம்மா அதட்டி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது மட்டும்தான். ஆனாலும் டீச்சராகிவிட்டேன். முதல் எழுத்திலேயே அவருக்குக் குஷி பிடித்துக்கொண்டது. மகரத்துக்கு இடப்பக்கம் ஒரு கொம்பு, வலப்பக்கம் ஒரு கால். "இது ஸ்க்ரம்! நடுவில் நிற்பவனை இரண்டு பேர் இருபுறமும் தோள்கொடுத்துத் தாங்குகிறார்கள்" என்று சமியைக் கூப்பிட்டுக் காட்டினார். அடுத்த வாரத்துக்குள் முழுப்பெயரையும் பிழையில்லாமல் எழுதினார். நோட்டின் பக்கம் பக்கமாக அதுதான்.

அந்த மூன்றாம் வார ஆட்டத்தில் ஒருவனுடைய முழங்கால் அவர் நெற்றிப்பொட்டில் இடித்தது. விழுந்தார், உடனே எழுந்தார், கையை உயர்த்திக் காட்டினார். அம்மா ஓடிப்போய் விரலை ஆட்டி, கண்ணுக்குள் பார்த்து, நாலு கேள்வி கேட்டாள். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் வந்தது. "வலிக்குதுன்னு சொல்றவங்களைப் பத்திக் கவலையில்ல, வலிக்கலைன்னு சிரிக்கறவங்களைத்தான் பார்த்துக்கிட்டே இருக்கணும்" என்று காரில் திரும்பும்போது சொன்னாள்.

நான்காம் வாரம் மழை, ஆட்டம் இல்லை. ஐந்தாம் வாரம், கடைசி ஆட்டத்துக்கு ஒருமணி நேரம் முன்பே பஸ் வந்துவிட்டது. மாமா கூடத்துக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்திருந்தார். என்னிடமே விட்டுப்போயிருந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். பென்சிலை வாங்கி, மகரத்தை எழுதினார். நிறுத்தினார். அதன் இருபுறமும் வெறுமையாக இருந்தது. பென்சிலை, அது தன் கைக்கு எப்படி வந்தது என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இன்று என்ன கிழமை?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார்.

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், தீதியிடம் சொல்லாதே. தலைவலிதான். இரண்டு வாரமாக இருக்கிறது, போய்விடும். தெரிந்தால் என்னை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். பத்து நாளில் எல்லோரும் வடக்கே போகிறோம். சமியைத் தனியாக அனுப்ப முடியாது. சொல்லமாட்டாய்தானே?"

தலையாட்டினேன். பெரியவர் ஒருவர் என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. முதல் பாதியில் அவர் ஓடினார், இடித்தார், எழுந்தார். ஒன்றுமில்லை என்றுகூட எனக்குத் தோன்றியது. இடைவேளைக்குச் சற்றுமுன் பந்து அவர் கைக்கு வந்தது. எதிரே ஆளே இல்லை. ஓடிப்போய்க் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றினால் ட்ரை, ஐந்து புள்ளி. அவர் ஓடவில்லை. பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கூட்டத்தில் யாரையோ தேடுவதுபோல் சுற்றும்முற்றும் பார்த்தபடி நின்றார். மூன்று பேர் வந்து அவரைச் சாய்த்தார்கள்.

நான் அம்மாவிடம் ஓடினேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. ஐஸ் பையைக் கீழே போட்டுவிட்டு நேராக மைதானத்துக்குள் நடந்தாள். ஐந்தடி உயரம் அவள், சுற்றிலும் ஆறடிக்காரர்கள். மாமாவின் முன் நின்று, "மோகன், இன்னிக்கு யாரோட ஆடறீங்க?" என்று இந்தியில் கேட்டாள். எதிரே எங்கள் கிளப் நிற்க, அவர் ஏதோ ஒரு கப்பலின் பெயரைச் சொன்னார். அவருடைய அணித்தலைவர் குறுக்கே வந்து, பாதி ஆட்டம்தானே பாக்கி, முடித்துவிடட்டுமே என்றார். "இவரை இனி ஒரு அடிகூட ஓடவிட மாட்டேன். ஆடணும்னா என்னை இடிச்சுத் தள்ளிட்டு ஆடுங்க" என்றாள் அம்மா, ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழில் முடித்து. அது புரிந்ததோ இல்லையோ, சமிதான் முதலில் அசைந்தான். நண்பனின் தோளில் கைபோட்டு வெளியே அழைத்துவந்தான்.

மாமா என்னைக் கடந்துபோகும்போது நின்றார். "நீ சொன்னாயா?" என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நம்பி ஏமாந்தவரின் முகம் அது. ஆம்புலன்ஸ் கிளம்பும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மூளையை ஒட்டி மெல்ல மெல்ல ரத்தம் கசிந்து சேர்ந்திருந்ததாம். அன்றே அறுவை சிகிச்சை நடந்தது. இன்னும் ஓரிரு நாள் போயிருந்தால், இல்லை அன்றைக்கே தலையில் ஒரு சின்ன இடி விழுந்திருந்தாலும், ஆள் போயிருப்பார் என்று மருத்துவர் அம்மாவிடம் சொன்னார். அம்மா மூன்று முறை பார்க்கப் போனாள். என்னையும் கூப்பிட்டாள், நான் போகவில்லை. படைப்பிரிவு வடக்கே போனது. மாமா மருத்துவமனையிலிருந்தே ஊருக்கு அனுப்பப்பட்டார்.

அடுத்த குளிர்காலத்தில் சமி வந்தான், ஊன்றுகோலோடு. ஊருக்குப் போகும் வழியில் காதர் பாயின் காண்டீனில் உட்கார்ந்து, தேநீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னான். வடக்கே அவர்கள் போன வண்டி கண்ணிவெடியில் சிக்கியது. மாமா ஓட்டியிருக்கவேண்டிய வண்டி. அவருக்குப் பதிலாக ஓட்டியவனுக்குப் பத்தொன்பது வயது; அந்த இடத்திலேயே போய்விட்டான். "மோகனுக்குத் தெரியும். என் போனைக்கூட எடுப்பதில்லை" என்றான். காதர் பாய் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

திரும்பும்போது காரில் நான் அழுதேன். ஒருவரைக் காப்பாற்றி இன்னொருவனைக் கொன்றுவிட்டோமா என்று கேட்டேன். அம்மா காரை ஓரமாக நிறுத்தினாள். "கண்ணு, நம்ம முன்னாடி ஒரு உசுரு இருந்துச்சு. அதைப் பார்த்தோம். அந்தப் பையனோட உசுரு நம்ம கையில இல்ல சாமி. குண்டு வெச்சவன் நாமல்ல" என்றாள். நியாயம்தான். ஆனாலும் அந்தப் பத்தொன்பது வயது எனக்குப் பின்னாலேயே வந்தது. என் பத்தொன்பதாவது பிறந்தநாளில் கேக் வெட்டும்போதுகூட வந்து நின்றது.

இப்போது அபுதாபியில் வேலை பார்க்கிறேன். அந்த மண் மைதானம் இல்லை. அந்த இடத்தில் ஒரே அச்சில் வார்த்த வில்லாக்களும், செயற்கை ஏரியும், காலையில் நாயோடு நடப்பவர்களும். ரக்பி வேறெங்கோ பசும்புல்லுக்கு மாறிவிட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு முழங்கால் சிராய்ப்பே வருவதில்லை. மரக்கூடத்தோடு சுவர்ப்படங்களும் போயின. அவற்றை யார் எடுத்துப்போனார்கள் என்று விசாரித்துப் பார்த்தும் தெரியவில்லை. காதர் பாய் காயல்பட்டினத்துக்கே திரும்பிவிட்டார்.

சென்ற ஆண்டு எங்கள் அலுவலகக் கட்டடத்துக்குப் புதிய காவலர் ஒருவர் வந்தார், பிஜிக்காரர், முன்னாள் ராணுவத்தினர். தயங்கித் தயங்கி இரண்டு பெயர்களைச் சொன்னேன். சின்ன நாடு அது. ஒரே வாரத்தில் ஒரு தொலைபேசி எண் கிடைத்தது. அழைத்தபோது மறுமுனையில் பள்ளிப் பிள்ளைகளின் இரைச்சல். மாமா அங்கே பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். மூன்று பெண் குழந்தைகள். நான் யாரென்று சொன்னதும் பேருந்தை விட்டு இறங்கினார் போலும், இரைச்சல் தூரப்போனது.

"சில வருஷம் உன்மேல் கோபமாக இருந்தேன்" என்றார். "மூத்தவள் பிறந்த பிறகு ஒருநாள் தேடிப் பார்த்தேன், அந்தக் கோபத்தைக் காணவில்லை. அந்தப் பையனுடைய அம்மாவுக்கு மட்டும் ஒவ்வொரு வருஷமும் கடிதம் எழுதுகிறேன். சமியும் நானும் சேர்ந்தே எழுதுகிறோம்."

இருபது ஆண்டுகளாக நெஞ்சில் ஒத்திகை பார்த்துவைத்திருந்ததை நான் சொன்னேன். அம்மாவிடம் சொன்னதற்கு வருத்தமில்லை, இன்றைக்கு நடந்தாலும் சொல்வேன். ஆனால் முதலில் உங்களிடம் வந்து, சொல்லப்போகிறேன் என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கவேண்டும், அதைச் செய்யாததுதான் என் தப்பு என்றேன்.

அவர் சிரித்தார். அந்த மணலில் கேட்ட அதே பெரிய சிரிப்பு.

"நல்லவேளை, சொல்லவில்லை" என்றார். "சொல்லியிருந்தால் அங்கிருந்து ஓடியிருப்பேன். அன்றைக்கு என்னைத் துரத்திப் பிடிக்கிறவர்கள் உங்கள் கிளப்பில் யாரும் கிடையாது."